மறுத்த காரணத்தை எழுதித் தாருங்கள்

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் 59ஆவது பிரிவு மிகச் சிறியது. சான்றிதழ் வழங்கும் அதிகாரியின் முடிவு தனக்குப் பாதகமாக இருப்பதாகக் கருதும் எவரும், மாநில அரசு அறிவிக்கும் மேல்முறையீட்டு அதிகாரியிடம் முறையிடலாம் என்பதே அதன் சாரம். பார்வை, செவி, கை கால் என எந்தக் குறைபாட்டுக்கும் இது பொது. ஆனால், மனநோயால் முடங்கியவரிடம் இந்தப் பிரிவு கூடுதலாக ஒன்றைக் கேட்கிறது. மேல்முறையீடு செய்ய வேண்டுமென்றால் காலக்கெடுவை நினைவில் வைத்திருக்க வேண்டும். காகிதங்களைத் தேடிச் சேர்க்க வேண்டும். பஸ் ஏறி அலுவலகம் போய், முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் தன் நிலைமையைக் கோர்வையாகச் சொல்ல வேண்டும். மனச்சிதைவும் கடும் மனச்சோர்வும் ஒரு மனிதரிடமிருந்து முதலில் பறிப்பது இந்தத் திறன்களைத்தான். எப்படியோ முயன்று ஒருவர் இவ்வளவையும் செய்துவிட்டாலோ, ‘இவ்வளவு தெளிவாகப் பேசுகிறவருக்கு என்ன குறை?’ என்ற கேள்வி எழுகிறது. முறையிட வந்ததே அவருக்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது.

நான் மனநல மருத்துவன். சான்றிதழ் முகாமில் மருத்துவரின் நாற்காலியில் உட்கார்ந்து மதிப்பெண் போட்டிருக்கிறேன். மறுக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு மனு எழுதவும் உதவியிருக்கிறேன். இரண்டு பக்கமும் பார்த்தவன் என்ற முறையில் என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மறுப்பு எல்லாமே தவறு என்று நான் வாதிடவில்லை. நியாயமான மறுப்புகளும் உண்டு. ஆனால் எது நியாயமானது, எது அவசரத்தில் நேர்ந்தது என்று பிரித்தறிய வழி இருக்க வேண்டும். மறுத்த காரணம், எந்தத் தலைப்பில் எத்தனை மதிப்பெண் என்ற கணக்கோடு, எழுத்தில் குடும்பத்தின் கைக்கு வராத வரை அந்த வழி திறக்காது.

ஆழ்வார்குறிச்சிப் பக்கத்திலிருந்து வருகிற ஓர் இளைஞரை எடுத்துக்கொள்வோம். இவர் ஒரே ஆள் அல்லர். யாருடைய அடையாளமும் வெளிப்பட்டுவிடக் கூடாது என்பதற்காக, நான் பார்த்த பலரைச் சேர்த்து ஒருவராக்கிச் சொல்கிறேன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது மனச்சிதைவு தொடங்கியது. முதலில் பொட்டல்புதூர் பள்ளிவாசலில் நேர்ந்துகொண்டார்கள். பிறகு அம்பாசமுத்திரத்தில் ஒரு தனியார் மருத்துவர்; பணம் தீர்ந்த பின் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி. இப்போது வயது முப்பதைத் தாண்டிவிட்டது. காதில் கேட்ட குரல்கள் மாத்திரையால் அடங்கிவிட்டன. ஆனால், குளி என்று சொன்னால்தான் குளிக்கிறார், சாப்பிடு என்று தட்டை வைத்தால்தான் சாப்பிடுகிறார். அம்மா பீடி சுற்றுகிறார். நல்ல நாளில் மகன் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் இலை வெட்டித் தருவார். கார் சாகுபடியின்போது யாரோ கூப்பிட்டு நாலு நாள் வயல் வேலைக்குப் போனவர், பிசானத்தில் வாசற்படி தாண்டவில்லை.

முகாமில் இவரிடம் கேட்கப்படும் கேள்வி: “வேலை ஏதும் செய்யிறீங்களா?” பதில்: “செய்யிறேன் சார்.” அம்மாவிடம் கேட்டால், “மாத்திரை போட்டா நல்லாத்தான் இருக்கான் ஐயா” என்பார். பெற்ற பிள்ளையை நாலு பேர் முன்னால் ஒன்றுக்கும் ஆகாதவன் என்று சொல்ல எந்தத் தாய்க்கு வாய் வரும்? வெளியே பெரிய வரிசை நிற்கிறது. பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. நாற்பது சதவீதத்துக்கும் குறைவு என்று பதிவாகிறது. அந்த நாற்பதுதான் சட்டம் வகுத்த எல்லைக்கோடு. அதற்குக் கீழே போனால் மாதம் 1,500 ரூபாய் ஓய்வூதியம் இல்லை, வேலைவாய்ப்பு ஒதுக்கீடும் இல்லை.

மதிப்பெண் போடும் அளவுகோலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மேல்முறையீட்டின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டமே ஏழு வகைக் குறைபாடுகளில் ஒன்றாக மனநோயையும் சேர்த்துவிட்டது. ஆனால் அதை எப்படி அளப்பது என்பதற்கு விடை இல்லாமல் சில ஆண்டுகள் ஓடின. 2002இல்தான் இந்திய மனநல மருத்துவ சங்கத்தின் மறுவாழ்வுக் குழு வடிவமைத்த ‘ஐடியாஸ்’ அளவுகோல் வந்தது. சென்னையில் மருத்துவர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம் போன்ற அமைப்புகள், மனநோயும் உடல் ஊனத்தைப் போல மனிதரை முடக்கக்கூடியது என்று நெடுங்காலம் எடுத்துச் சொல்லிவந்ததன் பலன் அது. இன்றும் சான்றிதழுக்கு அதுவே அடிப்படை. தன்னைப் பேணிக்கொள்வது, பிறருடன் பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை என்று நான்கு தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் சுழியத்திலிருந்து நான்கு வரை மதிப்பெண். அதிகமானால் முடக்கம் அதிகம் என்று பொருள். இவற்றோடு, கடந்த இரண்டு ஆண்டுகளில் எத்தனை மாதங்கள் நோய்க்குறிகள் இருந்தன என்பதற்கு ஒன்று முதல் நான்கு வரை தனி மதிப்பெண் உண்டு. ஆறு மாதத்துக்குள் என்றால் ஒன்று, பதினெட்டு மாதத்துக்கு மேல் என்றால் நான்கு. ஆக மொத்தம் இருபது. இருபதும் பெற்றால் நூறு சதவீதம்.

இது மோசமான அளவுகோல் அல்ல. எளிமையானது, நம் ஊர் வாழ்க்கையை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. வேலை என்ற தலைப்பில் சம்பாதிப்பவர், வீட்டைப் பார்த்துக்கொள்பவர், மாணவர் ஆகியோருக்குத் தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. அடுப்படிக்குள்ளேயே முடங்கிப்போன ஒரு பெண்ணை ‘வேலைக்குப் போகாதவர், அதனால் இழப்பில்லை’ என்று ஒதுக்கிவிட அது இடம் தருவதில்லை. நோயாளியிடம் மட்டும் கேட்டு நிறுத்திவிடாதே, கூட இருந்து பார்த்துக்கொள்பவரிடமும் கேள், சிகிச்சைக் குறிப்புகளையும் படி என்று அதன் வழிமுறை தெளிவாகவே சொல்கிறது. சிக்கல், இந்த மூன்றையும் பத்து நிமிடத்துக்குள் அடக்க முயல்வதில் இருக்கிறது.

நம் இளைஞரின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வேலை என்ற தலைப்பில் அவர் சொன்ன ‘செய்யிறேன்’ என்ற ஒற்றைப் பதிலை வைத்தால் ஒரு மதிப்பெண். யாரும் தூண்டாமல் எத்தனை நாள் தொடர்ந்து செய்தார், கூலி என்று ஏதாவது கைக்கு வந்ததா, இடையில் எழுந்து போய்விடுகிறாரா என்று கேட்டிருந்தால் மூன்று. குளிப்பதும் அப்படியே: ‘குளிப்பார்’ என்றால் சுழியம், ‘சொன்னால்தான் குளிப்பார், சில வாரம் சொன்னாலும் குளிப்பதில்லை’ என்றால் இரண்டு. அடுத்து, நோய் இருந்த மாதங்கள். பழைய சீட்டுகள் பாளையங்கோட்டையில் இருக்கின்றன. 2019 நவம்பர் 22இல் தென்காசி தனி மாவட்டமான பிறகு ஆழ்வார்குறிச்சிக்காரர்கள் தென்காசி மாவட்டத்து மக்கள். முகாம் தென்காசி மாவட்டத்தில் நடக்கிறது. சிகிச்சை ஒரு மாவட்டத்திலும் சான்றிதழ் இன்னொரு மாவட்டத்திலுமாக இருக்கும்போது, கையில் ஒரு மாதத்து மாத்திரைச் சீட்டோடு போய் நிற்பவருக்கு நோயின் நீளத்தை நிரூபிக்க வழியில்லை. நான்கு விழ வேண்டிய இடத்தில் ஒன்று விழுகிறது. இந்த மூன்று இடங்களில் மட்டும் ஏழு மதிப்பெண் போய்விட்டது. ஏழு என்பது இருபதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

மருத்துவர்களாகிய எங்கள் எழுத்துப் பழக்கமும் இதில் பங்கு வகிக்கிறது. வெளிநோயாளிப் பிரிவில் நாங்கள் எழுதுவது பெரும்பாலும் நோய்க்குறிகளைப் பற்றித்தான்: குரல் கேட்கவில்லை, தூக்கம் சரி, அதே மருந்து தொடரட்டும். அடுத்த மாதமும் அதே வரி. மருந்தின் அளவை முடிவு செய்ய அது போதும். ஆனால் அந்தச் சீட்டைச் சான்றிதழ் மேசையில் வைத்துப் படிப்பவருக்கு, நோய் குணமாகி நெடுநாளாகிவிட்டது போலத்தான் தோன்றும். மனச்சிதைவுக்கான மருந்துகள் குரல்களையும் சந்தேகங்களையும் அடக்குவதில் வல்லவை. ஆர்வமின்மை, தானாக ஒன்றைத் தொடங்க முடியாமை, முகத்தில் உணர்ச்சி வற்றிப்போவது, மனிதரிடமிருந்து விலகுவது ஆகியவற்றில் அவற்றின் பலன் குறைவு. மனச்சிதைவுள்ள ஒருவரின் பிழைப்பை அதிகம் கெடுப்பவை இந்த அடங்காத குறிகளே. ஆகவே நோய் கட்டுக்குள் இருப்பதும் வாழ்க்கை முடங்கிக் கிடப்பதும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் இருக்க முடியும். சான்றிதழ் அளக்க வேண்டியது இரண்டாவதை.

மறுப்பு வந்த பிறகு குடும்பம் என்ன செய்கிறது? பெரும்பாலும் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒரு மனுவோடு போகிறார்கள். ‘உதவித்தொகை வழங்கி உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்று மனுவில் எழுதியிருக்கும். அது தாலுகா அலுவலகத்துக்கு, சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியருக்குப் போகும். அங்கிருந்து, நாற்பது சதவீதத்துக்குக் குறைவாக உள்ளதால் பரிசீலிக்க இயலவில்லை என்று பதில் வரும். வட்டாட்சியர் மேல் தவறில்லை. மருத்துவர் போட்ட சதவீதத்தை மாற்ற அவருக்கு அதிகாரம் கிடையாது. நம் நடைமுறையில் இரண்டு வாசல்கள் இருக்கின்றன. முதலாவது மருத்துவ வாசல்: சான்றிதழும், யுடிஐடி என்று எல்லோரும் சொல்லும் தேசிய அடையாள அட்டையும் அங்கே கிடைக்கும். இரண்டாவது வருவாய்த் துறை வாசல்: சான்றிதழ் உள்ளவருக்குச் சொத்து, வருமானம், ஆதரவு ஆகியவற்றைக் கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து, ஓய்வூதியம் உண்டா இல்லையா என்று முடிவாகும். முதல் வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவர் இரண்டாவது வாசலில் போய் எத்தனை தடவை தட்டினாலும் பயனில்லை. சதவீதத்தை எதிர்த்து 59ஆவது பிரிவின்கீழ் முறையிட வேண்டும். சொத்தையோ ஆதரவையோ காட்டி மறுத்திருந்தால் வருவாய்த் துறையின் மேலதிகாரியிடம் போக வேண்டும். இந்த வேறுபாட்டை யாரும் எடுத்துச் சொல்லாததால் குடும்பங்கள் மாதக்கணக்கில் அலைகின்றன. ஒரு நாள் போய்வந்தால் அம்மாவுக்கு அன்றைய பீடிக் கூலி போயிற்று. சில தடவை அலைந்த பின், “போதும், விட்ருங்க” என்று நிறுத்திக்கொள்கிறார்கள்.

சான்றிதழை மறுத்தால் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது ஏற்கெனவே விதியில் இருக்கிறது. மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு விதிகள் அதற்கென்று ஒரு படிவத்தையே தந்திருக்கின்றன. நிர்வாக அதிகாரிகள் தங்கள் முடிவுக்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்பதை எஸ்.என்.முகர்ஜி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 1990இலேயே நிலைநாட்டிவிட்டது. அண்மையில், 2024 அக்டோபர் 15 அன்று ஓம்கார் ராம்சந்திர கோண்ட் வழக்கில், ஒருவரைத் தகுதியற்றவர் என்று முடிவு செய்தால் மதிப்பீட்டு வாரியம் அதற்கான காரணங்களைச் சொல்ல வேண்டும் என்றது அதே நீதிமன்றம். மேல்முறையீட்டு அமைப்பு உருவாகும்வரை அத்தகைய முடிவை நீதிமன்றத்தில் எதிர்க்கலாம் என்றும் சொன்னது. அது மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை பற்றிய வழக்கு, ஓய்வூதிய வழக்கு அல்ல. ஆனால் எண்ணை மட்டும் பார்த்து மனிதரைப் பார்க்காமல் விடக் கூடாது என்ற அதன் அடிப்படை இங்கேயும் பொருந்தும் என்றே நான் படிக்கிறேன். மனநோயைப் பொறுத்தவரை ‘நாற்பதுக்குக் குறைவு’ என்பது காரணம் ஆகாது. அது முடிவு. ஐந்து மதிப்பெண்களும், யாரிடம் கேட்டு, எந்தக் குறிப்பைப் பார்த்து அவை போடப்பட்டன என்ற விவரமும் சேர்ந்தால்தான் அது காரணம். அந்தத் தாள் கையில் இருந்தால், “வேலை என்ற தலைப்பில் ஒன்று போட்டிருக்கிறீர்கள், இதோ இரண்டு வருடத்து நிலைமை” என்று குடும்பம் குறிப்பாகப் பேச முடியும். இல்லாவிட்டால் ‘இரக்கம் காட்டுங்கள்’ என்று கெஞ்ச மட்டுமே முடியும்.

இதற்கு மறுபக்கம் உண்டு. அதைத் தட்டிக்கழிக்க நான் விரும்பவில்லை. பொய்ச் சான்றிதழ்கள் இருக்கின்றன. 2024இல் ஓர் ஐ.ஏ.எஸ். பயிற்சி அதிகாரியின் சான்றிதழைச் சுற்றி எழுந்த சர்ச்சைக்குப் பிறகு மருத்துவர்கள் எல்லோருமே கொஞ்சம் கையை இறுக்கிக்கொண்டார்கள். மனநோயை எக்ஸ்ரே எடுத்துக் காட்ட முடியாது என்பதால் சந்தேகம் இங்கேதான் முதலில் விழுகிறது. என் பதில் இது: பொய்யாகச் சலுகை பெறுபவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க அதே சட்டத்தின் 91ஆவது பிரிவு வழிசெய்கிறது. தவிரவும், பொய் சொல்ல வருபவர் தன் குறையைப் பெரிதாக்கிச் சொல்வார். உண்மையில் முடங்கியவரோ தன் நோயை உணராமலே இருப்பார், அல்லது மறைப்பார். அவசரமான நேர்காணல் முன்னவரை உள்ளே விட்டு, பின்னவரை வெளியே தள்ளும். ஆழமாகக் கேட்டு எழுதி வைப்பது இரண்டு பிழைகளுக்கும் சேர்த்தே மருந்து.

நேரம் எங்கே இருக்கிறது என்ற கேள்வி இன்னும் கனமானது. மாவட்டத்தில் அரசு மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கிறார்கள். மாதாந்தர முகாம், சிறை, நீதிமன்ற உத்தரவு, வார்டு எல்லாமே அவர்கள் தலையில்தான். முகாமில் வரிசை நிற்கும்போது ஒருவருக்கு முக்கால் மணி நேரம் செலவழி என்று நான் இங்கிருந்து உபதேசிப்பது எளிது. ஆனால் மதிப்பீட்டுக்குத் தேவையான தகவலை எல்லாம் மருத்துவரேதான் திரட்ட வேண்டும் என்பதில்லை. மாவட்ட மனநலத் திட்டத்தில் சமூகப் பணியாளரும் உளவியலாளரும் இருக்க வேண்டும். வீட்டாரிடம் கேட்க வேண்டியதை அவர்கள் முன்னதாகவே கேட்டு எழுதிவைத்தால், மருத்துவரின் பத்து நிமிடம் பத்து நிமிடமாகவே இருந்தாலும் பாதகமில்லை.

எங்கள் தொழிலுக்குள்ளேயே ஒரு தயக்கமும் உண்டு. ‘முடியாதவர்’ என்று சான்றிதழ் கொடுத்துவிட்டால் மீண்டுவரும் முயற்சியே நின்றுபோகுமோ, தங்கைக்கு வரன் பார்க்கும்போது அந்த அட்டை தடையாக வருமோ என்பது அது. இந்தக் கவலையை நான் மதிக்கிறேன். சில குடும்பங்கள் இந்தக் காரணத்துக்காகவே விண்ணப்பிப்பதில்லை. ஆனால் அந்த முடிவை எடுக்க வேண்டியவர்கள் அவர்கள்தான். நோயாளியின் நன்மைக்காக என்று எண்ணி மதிப்பெண்ணைக் குறைக்கும் உரிமை எங்களுக்கு இல்லை. மேலும், கையில் சிறு வருமானம் உள்ள நோயாளிக்கு வீட்டில் கிடைக்கும் மரியாதை வேறு. அவர் பெயரில் மாதம் ஒரு தொகை வருகிறது என்றால் தம்பி வீட்டில் அவருக்கு ஒரு வேளைச் சோறு கூடுதலாக உறுதியாகிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநோயாளர் விடுதியில் நேர்ந்த தீவிபத்தில், சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த நிலையில் 28 பேர் மாண்டார்கள். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். வைத்துப் பார்க்க வழியில்லாதவர்களே அதிகம். நோயாளியை வீட்டிலேயே வைத்துக் காக்கும் குடும்பத்துக்கு அரசு கொடுக்கும் தோள் என்றே இந்த ஓய்வூதியத்தை நான் பார்க்கிறேன்.

சட்டமும் இதைத் தானமாகப் பார்க்கவில்லை. சமூகப் பாதுகாப்பு பற்றிய 24ஆவது பிரிவு, மாற்றுத்திறனாளிகளுக்கான தொகை மற்றவர்களுக்கான அதே வகைத் திட்டத்தைவிடக் குறைந்தது 25 சதவீதம் அதிகமாக இருக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2023இல் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 1,500 ரூபாயாகவும், முதியோர் ஓய்வூதியம் 1,200 ரூபாயாகவும் ஆயின. கணக்கிட்டால் சரியாக 25 சதவீதம். தொகையில் சட்டத்தின் எழுத்தை மதித்த அரசு, மறுப்பின் நடைமுறையிலும் அதை மதிப்பதில் என்ன தடை?

மனநோய் வேறு, அதனால் வரும் முடக்கம் வேறு என்பதையும், இரண்டையும் சேர்த்தே ஒரு மனிதரின் நடத்தையைப் பார்க்க வேண்டும் என்பதையும் நம் நீதிமன்றங்கள் மெல்லப் புரிந்துகொண்டு வருகின்றன. மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி ரவீந்தர் குமார் தாரிவாலுக்கு எண்ணச் சுழற்சி நோயும் மனச்சோர்வும் இருந்தன. அவருடைய முடக்கத்தை 40 முதல் 70 சதவீதம் என்று தில்லி மருத்துவமனை ஒன்று மதிப்பிட்டிருந்தது. அவர்மீது எடுக்கப்பட்ட ஒழுங்கு நடவடிக்கையை 2021 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் பாகுபாடு என்று சொல்லி ரத்து செய்தது. தவறு என்று சொல்லப்பட்ட நடத்தைக்கு மனநோய் ஒரு காரணமாக இருந்தாலே போதும், அது மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை என்பது அந்தத் தீர்ப்பின் மையம். படை அதிகாரிக்கு உச்ச நீதிமன்றம் வரை போக முடிந்தது. ஆழ்வார்குறிச்சியிலிருந்து உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போவதே பெரும்பாடு.

பணக்கார நாடுகளிலும் இந்தச் சறுக்கல் நடந்திருக்கிறது. பிரிட்டனில் மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகை விதிகளை 2017இல் அரசு திருத்தியது. தனியாக வெளியே போக முடியாமை மனத்துன்பத்தால் வந்தது என்றால், நடமாட்டத்துக்கான மதிப்பெண் குறையும்படி அந்தத் திருத்தம் அமைந்தது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே லண்டன் உயர் நீதிமன்றம் அதை அப்பட்டமான பாகுபாடு என்று ரத்து செய்தது. அரசு மேல்முறையீடு செய்யவில்லை; சுமார் 16 லட்சம் பேருடைய கோப்புகளை மறுபடி பார்ப்பதாக 2018 ஜனவரியில் அறிவித்தது. அங்கே மறுப்பை எதிர்ப்பவர் முதலில் அதே துறையிடம் மறுபரிசீலனை கேட்க வேண்டும். பிறகு நீதிபதி, மருத்துவர், மாற்றுத்திறன் பற்றி அனுபவமுள்ள ஒருவர் என மூவர் அமரும் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அங்கே போனவர்களில் பெரும்பான்மையினர் ஜெயிக்கிறார்கள். இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான்: முதல் மதிப்பீட்டை வேறு கண்கள், வேறு நேரத்தில், மறுப்புக் காரணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கும்போது முடிவு அடிக்கடி மாறுகிறது. மாறாத இடங்களிலும் ஏன் மாறவில்லை என்பது தெரிந்துவிடுகிறது.

நம் ஊரில் இன்று முறையிட நினைக்கும் குடும்பத்துக்குச் சில காரியங்களை உறுதியாகச் சொல்வேன். மறுப்பை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மதிப்பெண் தாளைக் கேட்கலாம். பதில் தர முப்பது நாள் அவகாசம் உண்டு. சிகிச்சை எங்கே நடந்ததோ அங்கே போய்ப் பழைய குறிப்புகளின் நகலை வாங்குங்கள். பார்த்த மருத்துவரிடம், நோயின் பெயரை மட்டும் எழுதாமல், கடந்த இரண்டு ஆண்டுகளில் எதைச் செய்ய முடிந்தது, எதைச் செய்ய முடியவில்லை என்று நான்கு தலைப்புகளிலும் எழுதித் தரக் கேளுங்கள். அதை எழுதுவது எங்கள் கடமை. கேட்பதில் கூச்சம் வேண்டாம். வீட்டில் ஒரு நோட்டு போடுங்கள். என்றைக்குக் குளித்தார், என்றைக்கு வெளியே போனார், யாருடன் பேசினார், எத்தனை நாள் தொடர்ந்து ஒரு வேலையைச் செய்தார் என்று தேதி போட்டு எழுதுங்கள். முகாமில் ‘நல்லாத்தான் இருக்கான்’ என்று சொல்ல நினைக்கும் தாய்க்கு அந்த நோட்டே பேசும். 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆவது பிரிவு, மாற்றுத்திறனாளிகளுக்கும் மனநோய் உள்ளவர்களுக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு என்கிறது. பக்கத்து நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் வட்ட சட்டப்பணிகள் குழுவை அணுகினால் மனு எழுதவே ஆள் கிடைப்பார்.

ஆனால் இவ்வளவையும் குடும்பத்தின் தலையில் ஏற்றிவிட்டு நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை. அரசு செய்ய வேண்டியவற்றில் பெரிய செலவு எதுவும் இல்லை. ஐந்து மதிப்பெண்களும் அடங்கிய தாளின் நகலை, சான்றிதழ் கிடைத்தாலும் மறுக்கப்பட்டாலும், அன்றே கொடுத்துவிடலாம். மறுப்புச் சீட்டிலேயே மேல்முறையீட்டு அதிகாரியின் பதவிப் பெயர், முகவரி, கடைசித் தேதி ஆகிய மூன்றையும் தமிழில் அச்சிடலாம். நோயாளி நேரில் வர இயலாதபோது அவருக்காக வீட்டாரோ சமூகப் பணியாளரோ முறையிடுவதை ஏற்கலாம். மறுமதிப்பீட்டை முதலில் பார்த்தவரிடமே அனுப்பாமல் வேறு மருத்துவரிடம் அனுப்பலாம்.

கடைசியாக ஒன்று, பணத்தைப் பற்றியது. இங்கே அனுமதி ஆணை வந்த பிறகே ஓய்வூதியம் தொடங்குகிறது. பிரிட்டனில் தீர்ப்பாயத்தில் ஜெயித்தவருக்கு அவர் முதலில் விண்ணப்பித்த நாளிலிருந்து கணக்கிட்டுத் தருகிறார்கள். இங்கேயும் மேல்முறையீட்டில் சதவீதம் உயர்ந்தால், முதல் விண்ணப்ப நாளிலிருந்தே தொகை கணக்கிடப்பட வேண்டும் என்று கோருகிறேன். முடக்கம் மேல்முறையீட்டு ஆணையின் தேதியில் தொடங்கியது அல்ல. முகாமுக்கு வந்த அன்றைக்கும் அது இருந்தது. ஓராண்டு அலைந்தவருக்கு அது 18,000 ரூபாய். அரசுக்கு அது பெரிய தொகை ஆகாது. தவறான மறுப்புக்கு ஒரு விலை உண்டு என்று ஆகும்போது, முதல் மதிப்பீட்டுக்கு ஒதுக்கும் நேரமும் கூடும் என்று எதிர்பார்க்கிறேன்.

(கட்டுரையாளர், மனநல மருத்துவர்)